கொல்லிமலை ஊழியமும் விசுவாசத்தின் பரீட்சையும்

மலை ஊழியத்தில் விசுவாசத்துக்கு வரும் சோதனை பெரும்பாலும் இடி மின்னலோடு வருவதில்லை. மருந்துப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் நாள் முழுக்க ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். வருகிற ஒன்றிரண்டு பேரும் வலி தீர்ந்ததும் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஊழியர் குடும்பத்தைத் தவிர ஆள் இருக்காது. ஆண்டறிக்கையில் ஞானஸ்நானம் பெற்றவர்களின் எண்ணிக்கை கேட்கும் கட்டத்தில் சுழி போட வேண்டியிருக்கும். அடுத்த ஆண்டும் அதே சுழிதான். ஆபிரகாமுக்கு மோரியா மலையை நோக்கி மூன்று நாள் நடை. யோபுவுக்கு ஆடுமாடும் பிள்ளைகளும் ஒரே நாளில் போயின. ஊழியக்காரருக்கு வருவது இவற்றைவிடச் சிறியது, ஆனால் வருஷக்கணக்கில் இழுப்பது. தேவன் இருக்கிறாரா என்ற கேள்வியாக அது வருவதே அபூர்வம். அவர்தான் இங்கே அனுப்பினாரா, அனுப்பியிருந்தால் ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் அது வரும்.

இந்தக் கேள்வியோடு அறுபது ஆண்டுகள் வேலை செய்த ஒரு குடும்பம் கொல்லிமலையில் இருந்தது. ஜெஸி பிராண்ட், அவர் மனைவி ஈவ்லின், மலையிலேயே வளர்ந்து பின்னாளில் வேலூரில் தொழுநோய் அறுவை மருத்துவராகப் பெயர் பெற்ற மகன் பால். 1913இல் தொடங்கி 1974இல் ஈவ்லினின் மரணத்தோடு முடியும் இவர்கள் கதையை மலைக்குப் போகும் ஊழியர்களுக்கு மூத்தவர்கள் சொல்லிக்கொடுப்பதுண்டு. சொல்லும்போது பாதி கதையைப் புனிதர் வரலாறாக்கிவிடுவதும் உண்டு. உண்மையில் இதில் கற்க வேண்டியது அன்றாட வேலையின் முறைதான்.

கொல்லிமலை இன்றைய நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டாக, ஏறத்தாழ 280 சதுர கிலோமீட்டர் பரப்பில் நிற்கிறது. உயரம் 1,000 முதல் 1,300 மீட்டர் வரை. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் சாலை பிற்காலத்தில் வந்தது. வல்வில் ஓரியின் மலை என்று சங்க நூல்களால் அறியப்பட்டது; அறப்பளீசுவரர் கோயிலும் எட்டுக்கை அம்மனும் உள்ள மலை. குடிகள் மலையாளி எனப்படும் மலைவாழ் உழவர்கள். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு என்று நாடுநாடாகப் பிரிந்த ஊர்கள். சாமை, தினை, கேழ்வரகு விளையும்; தாழ்ந்த பள்ளங்களில் நெல். கீழ்நாட்டு மக்கள் அக்காலத்தில் மலையில் ஓர் இரவு தங்கவே பயந்தார்கள். பயத்துக்குக் காரணம் பேயோ தெய்வமோ அல்ல, மலைக் காய்ச்சல். கொசு கடித்து வரும் மலேரியாதான் அது. மலைக்காரர்களுக்குச் சிறுவயதிலேயே அது வந்து வந்து ஓரளவு தாக்குப்பிடிக்கும் சக்தி உண்டாகியிருந்தது. வெளியிலிருந்து போனவர்களை அது விடவில்லை.

1885இல் பிறந்த ஜெஸி, 1907இல் ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் ஊழியராக இந்தியாவுக்கு வந்தார். அவர் டாக்டர் அல்ல. வைத்தியர் கிடைக்காத இடங்களுக்குப் போகும் மிஷனரிகளுக்கென்று லண்டனில் நடந்த லிவிங்ஸ்டன் கல்லூரியில் ஓராண்டு பயிற்சி பெற்றவர். காய்ச்சல் பார்க்க, சீழ்க்கட்டி கீற, எலும்பு முறிவுக்குக் கட்டை வைத்துக் கட்ட, பல் பிடுங்க அந்தப் பயிற்சி போதும். ஈவ்லின் ஹாரிஸ் 1879இல் லண்டனில் வசதியான வியாபாரி வீட்டில் பிறந்தவர், ஓவியம் பயின்றவர், முப்பது வயதைத் தாண்டிய பிறகே இந்தியாவுக்கு வந்தார். 1913இல் சேந்தமங்கலத்தில் இருவருக்கும் திருமணம் நடந்தது. அன்றே மலையேறினார்கள். வழியில் மழை பிடித்துக்கொண்டது. மணப்பெண் நனைந்த உடையோடு மலைப்பாதையில் நடந்தார். வீடு முன்பே தயாராகியிருந்தது. கீழே மரத்தில் செய்து, பலகை பலகையாகப் பிரித்து, தலைச்சுமையாக மேலே ஏற்றி, வாழவந்தியில் பூட்டி நிறுத்திய வீடு அது. கால்கள் மேல் நின்றது. ஒவ்வொரு காலின் தலையிலும் கரையான் ஏறாதபடி கவிழ்த்த தட்டு போல உலோகத் தகடு. கரையானுக்கு இந்த அளவு யோசித்தவர்கள் தங்கி வேலை செய்யும் எண்ணத்தோடு வந்தவர்கள் என்பது ஊராருக்கும் புரிந்திருக்கும்.

மலை மருத்துவ ஊழியத்தின் தினசரி வேலை எப்படி இருந்தது என்பதற்கு நரம்புச்சிலந்தி நோய் ஓர் உதாரணம். படியிறங்கி மொள்ளும் கிணற்றிலும் குட்டையிலும் உள்ள நுண்ணிய நீர்ப்பூச்சியை விழுங்கினால் அதற்குள் இருக்கும் புழுவின் குஞ்சு உடலுக்குள் வளரும். ஏறக்குறைய ஓராண்டு கழித்துக் காலில் ஒரு கொப்புளம் எழும்; எரிச்சல் தாங்காமல் காலைத் தண்ணீரில் வைத்ததும் கொப்புளம் உடைந்து வெள்ளை நூல் போலப் புழுவின் முனை வெளிப்படும். முழுப்புழு ஒரு மீட்டர் வரை நீளம் இருக்கும். அதைப் பிடித்து ஒரேயடியாக இழுத்தால் அறுந்துவிடும். அறுந்த பாதி உள்ளே அழுகி, கால் முழுதும் சீழ் வைக்கும். ஆகவே முனையை ஒரு சிறு குச்சியில் சுற்றி, வருகிற அளவுக்கு மட்டும் திருப்பி, அப்படியே கட்டுப்போட்டு அனுப்ப வேண்டும். மறுநாள் இன்னும் இரண்டு விரல்கடை. இப்படி நாட்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில். ஜெஸி இதைச் செய்வதைச் சிறுவன் பால் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். பொறுமை இல்லாத கைக்கு இந்த வேலை ஆகாது.

இந்த நோயில் மருந்தைவிடக் கிணற்றின் அமைப்பு முக்கியம். படிக்கிணற்றை மூடி, சுற்றுச்சுவர் எழுப்பி, கயிறும் வாளியுமாக நீர் இறைத்தால் கால் தண்ணீரில் படாது, சுழற்சி அறுந்துவிடும். பிராண்ட் தம்பதி, குறிப்பாகப் பிற்காலத்தில் ஈவ்லின், இதை ஊர் ஊராகச் சொல்லித் தொந்தரவு செய்தே மலையில் நோயைப் பெருமளவு ஒழித்தார்கள் என்று பால் எழுதியிருக்கிறார். இந்தியா முழுவதும் இந்த நோய் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது 2000ஆம் ஆண்டில்தான்.

வைத்தியத்துக்கு ஆள் வந்தது. வேதத்துக்கு வரவில்லை. ஐந்தாறு ஆண்டுகள் இதே நிலை. எதிர்ப்பின் நடுவில் இருந்தவர் ஊர்ப் பூசாரி. புதிய சாமியைப் பற்றிப் பேசுவோர் பக்கம் போகக் கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடு. மிஷன் புத்தகங்கள் இதை அறியாமை என்றும் சாத்தானின் பிடி என்றும் எழுதிவிடுகின்றன. மலையில் வாழ்ந்து பார்த்தவர்கள் அப்படி எழுத மாட்டார்கள். மலையாளிக்கு நிலம், பெண் கொடுப்பது, எடுப்பது, சாவுக்குக் கூடுவது, விதைப்புக்கு நாள் குறிப்பது எல்லாம் ஊரோடும் ஊர்ச்சாமியோடும் பிணைந்தவை. ஒருவர் விலகினால் அவர் பிள்ளைக்குப் பெண் கிடைக்காது. செத்தால் தூக்க ஆள் வராது. பூசாரி காத்தது தன் வருமானத்தை மட்டுமல்ல. ஊழியர் இதைப் புரிந்துகொள்ளாவிட்டால் பலனில்லாத வருஷங்களில் மக்கள்மேல் கசப்பு வந்துவிடும். கசப்பு வந்தபின் வைத்தியமும் சரியாக நடக்காது.

இத்தகைய வறண்ட காலம் இந்த ஒரு மலைக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1793 இறுதியில் வங்காளத்தில் இறங்கிய வில்லியம் கேரி, கிருஷ்ண பால் என்ற தச்சருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1800 டிசம்பரில். பர்மாவில் 1813இல் இறங்கிய அதோனிராம் ஜட்சனுக்கு முதல் விசுவாசி 1819இல்தான். இந்த ஏழு, ஆறு என்ற எண்களை இளம் ஊழியர்கள் வாக்குத்தத்தம் மாதிரி பிடித்துக்கொள்வதுண்டு: ஏழாம் வருஷம் கதவு திறந்துவிடும் என்று. அப்படி எந்தக் கணக்கும் கிடையாது. பத்து வருஷம் ஆகியும் திறக்காமல், பெயர் தெரியாமல் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு வரலாறு எழுத ஆள் இல்லை, அவ்வளவுதான்.

பலனில்லாத காலத்தில் ஊழியர் வழிதவறக் கூடிய இடங்கள் இரண்டு. வைத்தியத்தைத் தூண்டில் ஆக்குவது ஒன்று: பிரசங்கம் கேட்டால்தான் மருந்து என்று சீட்டுக் கொடுக்கும் இடத்தின் முன் உட்கார வைப்பது. கேட்பவர் தலையாட்டுவார், மருந்து வாங்குவார், வெளியே போய்ச் சிரிப்பார். மற்றது எண்ணிக்கையை ஊதுவது. ஆண்டறிக்கை எழுதும்போது கேட்டவர்களை விசாரிப்பவர்கள் என்றும், விசாரிப்பவர்களைத் தேடுபவர்கள் என்றும் ஒரு படி ஏற்றி எழுதத் தோன்றும். விசுவாசம் தளர்ந்ததன் முதல் அறிகுறி ஜெபம் குறைவதில் தெரிவதைவிட இந்த அறிக்கைகளில்தான் முன்னதாகத் தெரியும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களின் அனுபவம். பலனைத் தேவன் கொடுப்பார் என்று உண்மையில் நம்புகிறவருக்குச் சுழியைச் சுழியாக எழுத முடியும்.

1918–19இல் உலகத்தையே வாரிக்கொண்டுபோன விஷக்காய்ச்சல் மலைக்கும் வந்தது. நோய் வந்த வீட்டுப் பக்கம் உறவினரே போகவில்லை. பிராண்ட் தம்பதி கஞ்சி காய்ச்சிக் குடிசை குடிசையாக எடுத்துப்போய் ஊட்டினார்கள். எதிர்த்து நின்ற பூசாரியும் அவர் மனைவியும் படுத்துவிட்டார்கள். அவர்கள் வீட்டுக்கும் போனார்கள். சாகும் தறுவாயில் பூசாரி தம் கைக்குழந்தையையும் அதன் அண்ணனையும் பிராண்ட் தம்பதியிடம் ஒப்படைத்தார். குழந்தைக்கு ரூத் என்று பெயர் வைத்து வளர்த்தார்கள். ஊரார் வாழவந்திப் பக்கம் வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். இந்நிகழ்ச்சி நமக்குக் கிடைப்பது மிஷனரிகளின் வாய்மொழியாகத்தான். பூசாரியின் சொந்தக்காரர்கள் இதை எப்படிச் சொன்னார்கள் என்பது எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. ஆனாலும் ஒன்று கவனிக்கத்தக்கது. கஞ்சி கொண்டுபோன நாளில் அது ஒரு திருப்பம் என்று கொண்டுபோனவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு அது காய்ச்சல் காலத்தில் இன்னொரு குடிசை.

1920களில் வேலை கிளைவிட்டது. பள்ளிகள், தச்சு வேலை, ஆரஞ்சு, கரும்பு, பட்டுப்புழுவுக்கு முசுக்கொட்டை என்று ஜெஸி கைவைக்காத துறை இல்லை. நிலத்தையும் கடனையும் பற்றிய வழக்குகளில் கீழ்நாட்டு வட்டிக்காரர்களுக்கு எதிராக மலைக்காரர்கள் பக்கம் நின்றார். வேலை வளர்ந்த அதே ஆண்டுகளில்தான் குடும்பத்துக்குள் முதல் பெரிய இழப்பு நேர்ந்தது. 1923இல் விடுப்பில் இங்கிலாந்து போனவர்கள் திரும்பும்போது ஒன்பது வயதுப் பாலையும் தங்கை கோனியையும் படிப்புக்காக அங்கே உறவினர் வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். அக்கால மிஷனரிக் குடும்பங்களில் இது வழக்கம். வழக்கம் என்பதால் வலி குறையவில்லை. அந்தப் பிரிவில் தனக்குள் ஏதோ ஒன்று செத்துப்போனது என்று ஈவ்லின் பின்னாளில் சொன்னார். பால் தம் தந்தையை அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை.

ஊழியத்தில் வரும் சோதனைகளில் மிகவும் குறைவாகப் பேசப்படுவது இதுதான். காய்ச்சலுக்கும் எதிர்ப்புக்கும் வேதத்திலிருந்து ஆறுதல் எடுத்துக்கொள்ளலாம். அவை வெளியிலிருந்து வருபவை. பிள்ளையைப் பிரிவது தானே எடுத்த முடிவு. ஆபிரகாமின் கதையை இதற்குப் பொருத்திப் பிரசங்கம் செய்பவர்கள் உண்டு. பொருத்தம் அவ்வளவு சரியாக இல்லை. ஈசாக்கு அந்த மலையிலேயே தகப்பனுக்குத் திரும்பக் கிடைத்தான்.

1929 ஜூன் 15 அன்று ஜெஸி கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். வயது 44. பல முறை ஃபால்சிபாரம் வகை மலேரியா வந்து, குயினைனை விட்டு விட்டுச் சாப்பிட்ட உடம்புகளில் இந்த நோய் அதிகம் தோன்றும். இரத்தச் சிவப்பணுக்கள் திடீரென்று கூட்டமாக உடையும், சிறுநீர் கறுத்துப்போகும், சிறுநீரகம் அடைத்துக்கொள்ளும். அன்றைய வைத்தியத்தில் படுக்கையில் அசையாமல் கிடத்துவதையும் நீர் புகட்டுவதையும் தவிரப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. பக்கத்தில் டாக்டர் இல்லை. எத்தனையோ பேருக்குக் காய்ச்சல் பார்த்த வீட்டில் ஈவ்லின் தனியாக இருந்து பார்த்துக்கொண்டார். வாழவந்தியிலேயே அடக்கம் நடந்தது.

இங்கிலாந்தில் பாலுக்கு அப்போது பதினைந்து வயது நிறையவில்லை. தந்தி மூலம் செய்தி போய்ச் சேர்ந்தது. ஆனால் தந்தை எழுதிய கடிதங்கள் கப்பலில் போய்க்கொண்டிருந்தன. தந்திக்குப் பின் சில வாரங்கள் வரை அவை ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன: மலையில் பார்த்த மரங்கள், பூச்சிகள், அடுத்த விடுப்பில் சந்திக்கும் திட்டம். ஓராண்டுக்குப் பின் ஊர் வந்த தாயைக் கப்பல்துறையில் பார்த்தபோது அடையாளம் தெரியவில்லை என்று பால் எழுதியிருக்கிறார். ஞாபகத்திலிருந்த நிமிர்ந்த பெண்மணி கூனிச் சிறுத்துப்போயிருந்தார்.

இப்படிப்பட்ட மரணத்தில் விசுவாசம் என்ன செய்யும் என்று கேட்டால், இன்றைய ஆசீர்வாதக் கூட்டங்களில் கிடைக்கும் பதில் ஒன்றுக்கும் உதவாது. விசுவாசம் இருந்தால் வியாதி அணுகாது, குறைவு வராது என்று மேடையில் சொல்லப்படும் போதனையை மலேரியா பிரதேசத்தில் ஒரு வருஷம் இருந்தவர் யாரும் சொல்ல மாட்டார். சங்கீதப் புத்தகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புலம்பல்கள் இருப்பதும், எரேமியா பிறந்த நாளையே சபித்ததும், ஆபகூக் அத்திமரம் துளிர்க்காத வருஷத்தை வைத்தே தம் ஜெபத்தை முடித்ததும் அந்த மேடைகளில் படிக்கப்படுவதில்லை. ஊழியர்களுக்கு அவை தினசரி உணவு. தேவன்மேல் கோபப்படுவதும் ஜெபம்தான் என்று தெரியாதவர்கள் முதல் சாவிலேயே வாய் மூடிப்போகிறார்கள். வாய் மூடிய பின்தான் விசுவாசம் உண்மையில் விலகத் தொடங்குகிறது.

ஈவ்லின் இங்கிலாந்தில் தங்கிவிடவில்லை. மீண்டும் இந்தியாவுக்கு வந்தார். ஜெஸியும் அவரும் முன்பே ஒரு கணக்கு வைத்திருந்தார்கள்: கொல்லிமலையோடு பச்சைமலை, கல்வராயன் உள்ளிட்டு ஐந்து மலைத்தொடர்களுக்கும் போக வேண்டும் என்று. அந்தக் கணக்கைத் தனியே தீர்க்கப் பார்த்தார். மிஷன் அவரை வேறு இடங்களிலும் வேலைக்கு வைத்தது. 1947இல், 68 வயதில், பணிக்காலத்தை நீட்டிக்க மிஷன் மறுத்தது. கமிட்டியின் நியாயம் புரிந்துகொள்ளக் கூடியது: வயதான பெண்மணியை டாக்டர் இல்லாத மலைக்கு அனுப்பி, விழுந்தால் தூக்கி வரும் செலவையும் பழியையும் யார் ஏற்பது? ஈவ்லின் ஒரே ஓர் ஆண்டு மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆண்டு முடிந்து வழியனுப்பு நடந்தபோது, மிஷனிலிருந்து ஓய்வு பெறுகிறேன், மலையில் சொந்தப் பொறுப்பில் இருப்பேன் என்று அறிவித்துவிட்டுப் போனார்.

சபையின் முடிவும் தன் அழைப்பும் மோதும்போது எதைப் பின்பற்றுவது என்பதற்கு இந்தச் சம்பவத்தை முன்மாதிரியாகக் காட்டுவது ஆபத்து. கமிட்டியை மீறிய பலர் வெறும் பிடிவாதக்காரர்கள். அவர்களை அடுத்தவர்கள் தூக்கித் திரிய வேண்டியதாயிற்று. ஈவ்லின் விஷயத்தில் மூன்று காரியங்கள் வேறாக இருந்தன. முப்பது ஆண்டுக்கு மேல் அதே மலைகளில் பழகியவர். மிஷன் பணத்தைத் தொடாமல் சொற்பச் செலவில் வாழ்ந்தார். போன இடத்தில் மலைக்காரர்கள் அவரைத் தங்கள் வீட்டு மனுஷியாகப் பார்த்துக்கொண்டார்கள். இம்மூன்றில் எது குறைந்தாலும் கமிட்டி சொல்வதைக் கேட்பதே நல்லது.

ஈவ்லின் மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போனார். விழுந்தார், எலும்பு முறிந்தது, மீண்டும் ஏறினார். எழுபது வயதைத் தாண்டியபின் ஒரு முறை விழுந்து இடுப்பு முறிந்து இரவெல்லாம் கிடந்தார். காலையில் கண்டெடுத்த ஆட்கள் கயிற்றுக்கட்டிலில் வைத்து மலையிறக்கினார்கள். பிறகு குண்டும் குழியுமான சாலையில் நீண்ட ஜீப் பயணம். தேறியபின் நடக்க இரண்டு மூங்கில் கம்புகள். பால் மலைக்குப் போய், இனி ஓய்வெடுக்க வேண்டும் என்று ஒரு டாக்டரின் வாதங்களை எல்லாம் எடுத்து வைத்தார். உபயோகப்படாத உடம்பைப் பத்திரப்படுத்தி என்ன செய்வது என்ற பொருளில் தாய் பதில் சொன்னார். அதற்கு மேல் மகனால் பேச முடியவில்லை. வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துவிட்டார் என்றும் பால் எழுதுகிறார். சுருக்கத்தைப் பார்த்துக் கவலைப்பட நேரமில்லை என்பது காரணம்.

பாலின் பாதை வேறு. புண்ணும் சீழும் பார்த்து வளர்ந்ததாலேயே மருத்துவம் வேண்டாம் என்று கட்டட வேலை கற்றார்: தச்சு, கொத்து எல்லாம். தந்தை படித்த மாதிரியான ஓராண்டு மிஷன் மருத்துவப் பயிற்சிக்குப் போனபோதுதான் மனம் மாறியது. லண்டனில் அறுவை மருத்துவம் முடித்து 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அங்கே மடங்கிய விரல்களோடு நின்ற ஒரு நோயாளியிடம், பால் தம் கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார். பால் வலியில் கத்தும் அளவுக்குப் பிடி இறுகியது. செத்த கை என்று எண்ணப்பட்டதில் வலுவான தசைகள் மிச்சம் இருந்தன. அந்த நல்ல தசைகளின் நாண்களை எடுத்து முடங்கிய விரல்களுக்கு மாற்றித் தைக்கலாம் என்ற அறுவை முறை அங்கிருந்து வளர்ந்தது. விரல்கள் குறைந்துபோவதும் நோய் அரிப்பதால் அல்ல. வலி தெரியாததால் கொதிக்கும் பாத்திரமும், ஆணியும், இரவில் எலியும் செய்யும் வேலை என்று அவரும் உடனிருந்தவர்களும் காட்டினார்கள்.

1953இல் பாலுக்கே ஒரு சோதனை வந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் காய்ச்சலோடு இங்கிலாந்து வந்து, ரயிலில் நெடுநேரம் உட்கார்ந்து, இரவில் தங்கிய அறையில் காலுறையைக் கழற்றியபோது குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார், தெரியவில்லை. தொழுநோயாளிகளோடு ஆண்டுக்கணக்கில் வேலை செய்தவருக்கு வேறென்ன தோன்றும்? மனைவி மக்களைப் பிரிய வேண்டும், வேலை போய்விடும், கூட வேலை செய்பவர்கள் பயந்து ஓடுவார்கள் என்று விடிய விடிய நினைத்துக்கொண்டு கிடந்தார். காலையில் மறுபடி குத்தினார். சுரீரென்று வலித்தது. நரம்பு அழுந்தியதால் வந்த மரமரப்புதான் அது. இந்த இரவை அவர் வெற்றிச் சாட்சியாகச் சொல்லவில்லை. பயந்ததைப் பயந்தபடியே எழுதினார். ஊழியர் வட்டாரத்தில் இது அபூர்வம். மேடைச் சாட்சியில் இரவு முழுதும் ஜெபித்தேன், சமாதானம் வந்தது என்று முடிப்பதே வழக்கம். சமாதானம் வராத இரவுகளும் உண்டு என்று தெரிந்தால் அப்படி ஓர் இரவில் மாட்டிய இளையவர் தன் விசுவாசமே போலி என்று முடிவு கட்டிவிட மாட்டார்.

1974 டிசம்பர் 18 அன்று, 95 வயதில் ஈவ்லின் இறந்தார். கடைசி இரண்டு ஆண்டுகளில் குதிரை ஏற முடியாதபோது மலைக்காரர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். உடல் கொல்லிமலைக்குக் கொண்டுபோகப்பட்டு ஜெஸியின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கமானது. பால் 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போய்விட்டார். 2003 ஜூலையில் காலமானார்.

இன்று செம்மேட்டுக்குப் பேருந்து போகிறது. அரசு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. மலேரியா பயமும் பழையபடி இல்லை. மலைக்குப் போகும் ஊழியருக்கு மருந்துப் பெட்டி அடையாளச் சீட்டாக இருந்த காலம் போய்விட்டது. சோதனைகள் வேறு உருவில் தொடர்கின்றன: ஆதரவுப் பணம் மாதம் தள்ளி வருவது, தலைமையகம் படத்தோடு எண்ணிக்கை கேட்பது, பிள்ளைகளின் படிப்பு. இவற்றுள் முதலாவதைச் சிக்கனத்தால் சமாளிக்கலாம். இரண்டாவதற்குச் சுழியை எழுதப் பழக வேண்டும். மூன்றாவதை மலையேறும் முன்பே கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசி முடித்திருக்க வேண்டும்: பிள்ளை மலைப்பள்ளியில் படிக்குமா, நாமக்கல்லில் விடுதியில் சேருமா, பாட்டி வீட்டில் இருக்குமா, எத்தனை வாரத்துக்கு ஒரு முறை போய்ப் பார்ப்பது, போக்குவரத்துச் செலவு எந்தக் கணக்கில். முடிந்தால் பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்பது நல்லது. பாலையும் கோனியையும் அப்படி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தக் காலத்தில் அது பழக்கம் இல்லை.